மிட்டாய்க் கடைக்காரர் கட்டிய விமானம்: 1910-ல் சென்னையில் பறந்த டி'ஏஞ்சலிஸ் யார்? அவரை ஏன் மறந்தோம்?

எட்டயபுரம், கோவில்பட்டி பக்கத்தில் இருந்து அவசரமாகச் சென்னைக்குப் போக வேண்டும் என்றால் இப்போது பலரும் வாகைக்குளத்துக்கு வண்டியை விடுகிறார்கள். தூத்துக்குடி விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டுவிட்டது. ஏறி உட்கார்ந்தால் கரிசல் காடு கீழே நழுவும். கொஞ்ச நேரத்தில் சென்னை வந்துவிடும்.

சென்னையில் அந்த விமானம் இறங்கும் மீனம்பாக்கம், பல்லாவரத்தை ஒட்டிய பகுதி. அந்தப் பல்லாவரத்தில்தான் 1910 மார்ச் மாதம், இந்தியாவில் கட்டப்பட்ட ஒரு விமானம் சோதித்துப் பார்க்கப்பட்டது. கட்டியவர் ராணுவ அதிகாரி இல்லை, என்ஜினியரும் இல்லை. மவுண்ட் ரோட்டில் கேக், மிட்டாய் விற்று, பிறகு ஹோட்டல் நடத்திய ஒருவர். பெயர் ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ்.

கடலை மிட்டாய்க்குப் பெயர் போன கோவில்பட்டிக்காரர்களுக்கே இது புதுச் செய்தியாக இருக்கலாம். யார் இவர்? என்ன செய்தார்? இவரை மறந்தது எப்படி? ஒரு மறந்துபோன மனிதரைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இந்த டி'ஏஞ்சலிஸ்?

மத்தியதரைக் கடலில் இத்தாலிக்குப் பக்கத்தில் கோர்சிகா என்று ஒரு தீவு இருக்கிறது. நெப்போலியன் பிறந்த தீவு. ஆட்சி பிரான்ஸுடையது, மக்களின் பெயர்களோ இத்தாலியச் சாயல் கொண்டவை. அந்தத் தீவைச் சேர்ந்தவர் டி'ஏஞ்சலிஸ்.

1880-களில் அவர் சென்னையில் தொழில் நடத்திக்கொண்டிருந்தார். பிரெஞ்சு முறையில் கேக், இனிப்பு, ஐஸ் வகைகள் செய்து விற்கும் கடை அது. வெள்ளைக்கார அதிகாரிகளின் விருந்துகளுக்கு உணவு ஏற்பாடு செய்வதிலும் பெயர் எடுத்தார். சென்னை கவர்னராக இருந்த ஆம்ப்டில் பிரபுவுக்கே விருந்து ஏற்பாட்டாளர் ஆகும் அளவுக்கு வளர்ந்தார். 1906-ல் மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், தன் பெயரிலேயே ஒரு ஹோட்டலைத் தொடங்கினார். சென்னையில் அந்தக் காலத்தின் மேட்டுக்குடி ஹோட்டல்களில் ஒன்று அது.

விமான ஆசை எங்கிருந்து வந்தது?

பிரான்ஸில் இருந்து வந்தது என்று சொல்லலாம். 1909 ஜூலை 25-ம் தேதி லூயி ப்ளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலீஷ் கால்வாயை விமானத்தில் தாண்டினார். அவர் விமானத்தில் இருந்தது சுமார் 25 குதிரைத்திறன் கொண்ட என்ஜின்தான். இன்றைக்கு ஒரு சின்ன டிராக்டரில் இருப்பதை விடப் பெரிதில்லை. ஆனால் உலகமே திரும்பிப் பார்த்தது. கடல் இனி காவல் இல்லை என்று நாடுகளுக்குப் புரிந்த நாள் அது.

அதற்கு வெறும் 6 ஆண்டுகளுக்கு முன்புதான், 1903 டிசம்பர் 17-ம் தேதி, அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் முதல்முறையாகப் பறந்தார்கள். அன்றைய முதல் பறப்பு 12 விநாடி, 120 அடி. ஒரு தெருவின் நீளம் கூட இல்லை. சைக்கிள் கடை வைத்திருந்த இருவர் அதைச் செய்தார்கள் என்றால், ஹோட்டல்காரர் ஒருவர் ஏன் முயலக் கூடாது?

ப்ளேரியோவின் செய்தி சென்னைக்கு வந்து சேர்ந்தது. டி'ஏஞ்சலிஸ் தானே ஒரு விமானத்தை வடிவமைக்கத் தொடங்கினார்.

விமானத்தைக் கட்டியது யார்?

சிம்சன் நிறுவனம். அண்ணா சாலை வழியாகப் போகிறவர்கள் இன்றும் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கலாம். 1840-ல் தொடங்கிய சிம்சன், குதிரை பூட்டிய கோச்சு வண்டிகள் செய்வதில் கைதேர்ந்தது.

கோச்சு வண்டி செய்கிறவர்களிடம் போய் விமானம் கட்டச் சொல்வதா என்று தோன்றலாம். யோசித்துப் பார்த்தால் அது சரியான இடம்தான். ஏன்னா, 1910-ல் விமானம் என்பது பெரும்பாலும் மரமும் துணியும் கம்பியும்தான். லேசான மரத்தில் சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, விறைப்பாக நிற்க முறுக்கிய கம்பிகள். எடை கூடாமல் உறுதியாக மரத்தை வளைக்கத் தெரிந்த ஆசாரியும், துணி தைக்கத் தெரிந்தவரும், இரும்பு வேலை தெரிந்தவரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் கோச்சு வண்டிப் பட்டறை.

டி'ஏஞ்சலிஸ் கட்டியது 'பைபிளேன்', அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட விமானம். என்ஜின் சிறிய குதிரைத்திறன் கொண்டது. என்ஜின் பலம் குறைவாக இருந்தால் இறக்கையின் பரப்பைக் கூட்டித்தான் ஈடு செய்ய வேண்டும். ஒரே இறக்கையை நீளமாக்கினால் மரம் முறியும். இரண்டு அடுக்காக வைத்துக் கம்பியால் கட்டினால் பரப்பும் கிடைக்கும், உறுதியும் கிடைக்கும். அந்தக் காலத்தில் பலர் பைபிளேன் கட்டியதற்கு இதுதான் காரணம்.

எங்கே பறந்தது?

முதலில் பல்லாவரம். அப்போது அது ராணுவக் குடியிருப்புப் பகுதி. திறந்த வெளி உண்டு, கூட்டம் குறைவு. சோதனைக்கு ஏற்ற இடம். அதன் பிறகு சென்னை நகருக்குள், தீவுத்திடலில், பொதுமக்கள் முன்னால் விமானத்தைக் காட்டினார். இன்று சுற்றுலாப் பொருட்காட்சி நடக்கும் அதே தீவுத்திடல்தான்.

இந்த முயற்சி பற்றிய குறிப்பு லண்டனில் இருந்து வெளிவந்த 'ஃப்ளைட்' என்ற வார இதழில் 1910-லேயே வந்தது. 1909-ல்தான் அந்த இதழே தொடங்கியது. விமானச் செய்திக்கென்றே நடந்த பத்திரிகை. சென்னையில் ஒருவர் சொந்தமாக வடிவமைத்து, உள்ளூர் நிறுவனத்தில் கட்டி, பறந்தார் என்பது அவர்களுக்கே செய்தியாக இருந்திருக்கிறது.

இதுதான் இந்தியாவின் முதல் விமானமா?

இங்கேதான் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது. 'முதல்' என்ற பட்டத்துக்கு இந்தியாவில் மூன்று தரப்பு போட்டியில் இருக்கிறது.

ஒன்று, 1911 பிப்ரவரி 18. அலகாபாத்தில் நடந்த கண்காட்சியின்போது ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி சுமார் 6,500 கடிதங்களை ஏற்றிக்கொண்டு யமுனையைத் தாண்டி நைனிக்குப் போனார். உலகின் முதல் அதிகாரப்பூர்வ விமான அஞ்சல் என்று இது கொண்டாடப்படுகிறது. 1961-ல் இதன் 50-வது ஆண்டுக்கு இந்திய அரசு அஞ்சல் தலைகளை வெளியிட்டது. பலர் இதையே இந்தியாவின் முதல் விமானப் பயணம் என்று நினைக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே, 1910 டிசம்பரில், அலகாபாத்திலும் கல்கத்தாவிலும் ஐரோப்பிய விமானிகள் பறந்துவிட்டார்கள். அவை வெளிநாட்டில் இருந்து கப்பலில் கொண்டுவந்த விமானங்கள்.

இரண்டு, 1895. பம்பாயில் ஷிவ்கர் பாபுஜி தல்படே என்பவர் சவுபாட்டி கடற்கரையில் ஆளில்லா விமானத்தைப் பறக்கவிட்டார், ரைட் சகோதரர்களை முந்திவிட்டார் என்று சொல்லப்படுகிறது. 2015-ல் இதை வைத்து இந்தியில் 'ஹவாய்ஸாதா' என்று படமே வந்தது. பிரச்சினை என்னவென்றால், அந்தக் கதைக்கு 1895-ஐச் சேர்ந்த உறுதியான ஆதாரம் யாரும் காட்டவில்லை. இந்தக் கதையோடு 'வைமானிக சாஸ்திரம்' என்ற சமஸ்கிருத நூலையும் சேர்த்துச் சொல்வார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 1974-ல் அந்த நூலை அலசினார்கள். நூல் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது, அதில் சொன்ன வடிவங்கள் பறக்கவே முடியாதவை என்பது அவர்கள் முடிவு.

மூன்று, 1910 மார்ச். டி'ஏஞ்சலிஸ். அலகாபாத், கல்கத்தா பறப்புகளுக்கு சுமார் 9 மாதம் முன்பு. விமானமும் வெளிநாட்டில் இருந்து வந்தது இல்லை, சென்னையிலேயே கட்டியது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல். ஜப்பானில் முதல் விமானம் பறந்தது 1910 டிசம்பரில், டோக்கியோவின் யோயோகி மைதானத்தில். இன்று அது பூங்கா. அங்கே அந்த விமானிகளுக்குச் சிலையோடு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதற்கும் முன்பே பறந்த பல்லாவரத்துக்காரரின் பெயரைச் சொன்னால், 'யாருங்க அது?' என்றுதான் கேட்பார்கள்.

அப்படின்னா, ஏன் மறந்தோம்?

பல காரணங்கள். முதலாவது, கையில் பிடிக்கும் பொருள். அலகாபாத்தில் பறந்த கடிதங்களில் தனி முத்திரை குத்தப்பட்டது. அந்தக் கடித உறைகளைச் சேகரிப்பாளர்கள் நூறு ஆண்டுக்கு மேலாகப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு உறையும் ஒரு சாட்சி. தீவுத்திடலில் வேடிக்கை பார்த்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனது நினைவை மட்டும்தான்.

இரண்டாவது, சொந்தம் கொண்டாட ஆள் இல்லை. டி'ஏஞ்சலிஸ் ஆங்கிலேயர் இல்லை, அதனால் ஆங்கிலேய அரசு அவரைத் தூக்கிப் பிடிக்கவில்லை. இந்தியராகவும் பிறக்கவில்லை, அதனால் நம்முடைய பட்டியலிலும் சேரவில்லை. அவருடைய ஹோட்டல் பிறகு கைமாறி 'பொஸோட்டோ' என்ற பெயரில் நடந்தது. பெயர்ப் பலகை மாறியதும் பெயரும் போனது.

மூன்றாவது, காலம். 1910 சாதாரண ஆண்டு இல்லை. வ.உ.சி. சிறையில் இருந்தார். எட்டயபுரத்தில் பிறந்து, சென்னையில் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் வேலை பார்த்த பாரதி, 1908-லேயே புதுச்சேரிக்குப் போய்விட்டார். அங்கிருந்து வந்த 'இந்தியா' பத்திரிகையும் 1910 மார்ச்சில் நின்றுபோனது. ஆமாம், டி'ஏஞ்சலிஸ் பறந்த அதே மார்ச். அந்த ஆண்டு வந்த அச்சகச் சட்டம் பத்திரிகைகளின் கழுத்தை நெரித்தது. விமானம் மறக்கப்பட்டதற்கு இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் புதுமை எதைக் கண்டாலும் துள்ளி எழுதும் ஒரு பேனா, அந்த மாதம் சென்னையில் இல்லை.

மீட்டு எடுத்தது யார்?

சென்னை வரலாற்றாளர் எஸ்.முத்தையா. 1981-ல் 'மெட்ராஸ் டிஸ்கவர்டு' நூலை எழுதியவர். 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' இதழின் ஆசிரியர். 'தி இந்து' ஆங்கில நாளிதழில் 1999 முதல் வாரா வாரம் சென்னையின் பழங்கதைகளை எழுதி வந்தவர். 2019 ஏப்ரலில் அவர் மறையும் வரை அந்தப் பத்தி தொடர்ந்தது. டி'ஏஞ்சலிஸ் பற்றி இன்று இணையத்தில் கிடைக்கும் செய்திகளில் பெரும்பகுதி அவர் எழுதியதில் இருந்து கிளைத்தவைதான்.

அவருடைய முறை எளிமையானது. பழைய குறிப்பு ஒன்றை எழுதுவார். வாசகர்கள் தங்கள் வீட்டில் இருக்கும் புகைப்படம், கடிதம், தாத்தா சொன்ன கதை என்று அனுப்புவார்கள். அதைச் சரிபார்த்து அடுத்த வாரம் எழுதுவார். தவறு இருந்தால் திருத்திக்கொள்வார்.

கரிசல் மண்ணுக்கு இது புதிதில்லை. கோவில்பட்டி பக்கத்து இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் இதே வேலையைச் சொல்லுக்கும் நாட்டுப்புறக் கதைக்கும் செய்தார். ஊர் ஊராகப் பெரியவர்கள் வாயில் இருந்ததைச் சேகரித்துத்தான் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்தார். ஏட்டில் ஏறாததும் வரலாறுதான், கேட்டு வாங்க ஆள் வேண்டும் என்று காட்டியவர் அவர்.

ஒருவர் 'முதலில் பறந்தார்' என்று எப்படி உறுதி செய்வது?

விமான வரலாற்றை ஆராய்கிறவர்கள் சில கேள்விகளை வைத்திருக்கிறார்கள்.

முதல் கேள்வி: பறப்பது என்றால் என்ன? தரையில் இருந்து துள்ளினால் போதாது. என்ஜின் பலத்தில், ஆள் கட்டுப்பாட்டில், தொடர்ந்து காற்றில் நிற்க வேண்டும்.

இரண்டாவது: ஆதாரம் எப்போது எழுதியது? சம்பவம் நடந்த அதே ஆண்டில் வந்த நான்கு வரிச் செய்தி, 50 ஆண்டு கழித்து வந்த நானூறு பக்கப் புத்தகத்தை விடக் கனமானது. தல்படே கதைக்கும் டி'ஏஞ்சலிஸ் கதைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மூன்றாவது: ஆதாரங்கள் தனித்தனியா? பத்து இணையதளங்கள் ஒரே விஷயத்தைச் சொன்னாலும், பத்தும் ஒரே கட்டுரையைப் பார்த்து எழுதியிருந்தால் அது ஒரே சாட்சிதான்.

நான்காவது: சம்பந்தப்பட்டவரே என்ன சொன்னார்? நியூசிலாந்தில் ரிச்சர்ட் பியர்ஸ் என்று ஒரு விவசாயி இருந்தார். ரைட் சகோதரர்களுக்கு முன்பே அவர் பறந்தார் என்று அந்த நாட்டில் பலர் நம்புகிறார்கள். 1953-ல் அவர் இறந்த பிறகுதான் அவருடைய இயந்திரங்கள் வெளி உலகுக்குத் தெரிந்தன. ஆனால் பியர்ஸ் தன் கடிதங்களில், ரைட் சகோதரர்கள்தான் முதலில் பறந்தார்கள் என்று நேர்மையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆதரவாளர்களை விட அவர் கறாராக இருந்தார்.

ரைட் சகோதரர்களுக்கே இந்தச் சண்டை இருந்தது என்பது இன்னொரு ஆச்சரியம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம், தன் செயலாளராக இருந்த லாங்லியின் விமானத்துக்கே முதல் பெருமை என்றது. கோபத்தில் ஆர்வில் ரைட் தன் விமானத்தை 1928-ல் லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். 1942-ல் ஸ்மித்சோனியன் தவற்றை ஒப்புக்கொண்டது. விமானம் அமெரிக்கா திரும்பியது 1948-ல். அப்போது ஆர்வில் உயிரோடு இல்லை.

நீங்களும் தேடலாமா? எங்கே தேடுவது?

தாராளமாக. எட்டயபுரத்தில் இருந்து ஒரு கல்லூரி மாணவர் இந்தத் தேடலைத் தொடங்க நினைத்தால் வழி இருக்கிறது.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஆங்கிலேயர் கால அரசு ஆணைகளும் கடிதங்களும் இருக்கின்றன. தீவுத்திடலும் பல்லாவரமும் அன்று ராணுவத்தோடு தொடர்புள்ள இடங்கள் என்பதால், அனுமதி தொடர்பான கோப்புகளில் தேடுவது நல்ல தொடக்கம். பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும்தான் அதன் அடித்தளம். ஊரை விட்டு நகர முடியாது என்றால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் செல்போனிலேயே பார்க்கலாம்.

எதைத் தேடுவது? 1910 மார்ச், ஏப்ரல் மாதங்களின் 'சுதேசமித்திரன்', 'தி இந்து', 'மெட்ராஸ் மெயில்' பக்கங்கள். சென்னை வணிகர்களின் முகவரிகள் அடங்கிய ஆண்டுக் கையேடுகள். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடக் கூடாது. டி'ஏஞ்சலிஸ், டி ஆஞ்செலிஸ், தாஞ்சலிஸ் என்று அச்சுக் கோப்பவர் கைக்கு வந்தபடி பெயர் மாறும். விமானத்தையும் அன்று 'ஆகாசக் கப்பல்', 'ஆகாய விமானம்', 'ஏரோப்ளேன்' என்று பலவிதமாக எழுதினார்கள்.

அவசரமும் உண்டு. நூறு ஆண்டு பழைய பத்திரிகைத் தாள் மட்கிக்கொண்டே இருக்கிறது. புரட்டினால் ஓரம் உதிரும். ஸ்கேன் செய்யாத ஒரு பக்கம் போனால் அதோடு அந்தச் செய்தியும் போய்விடும்.

இதில் நமக்கு என்ன?

எட்டயபுரத்தில் இறங்கி யாரிடம் கேட்டாலும் பாரதி பிறந்த வீட்டுக்கு வழி சொல்வார்கள். முத்துசாமி தீட்சிதர் நினைவிடம், உமறுப்புலவர் நினைவிடம் எல்லாம் அதே ஊரில்தான். பாரதி மணிமண்டபம் 1947-ல் திறக்கப்பட்டது. கல்கி எழுதி எழுதிக் கேட்டு, மக்கள் கொடுத்த நன்கொடையில் எழுந்த கட்டடம் அது. பாரதி எவ்வளவு பெரிய கவிஞராக இருந்தாலும், அந்த மண்டபம் தானாக முளைக்கவில்லை. யாரோ கேட்டார்கள், யாரோ கொடுத்தார்கள்.

டி'ஏஞ்சலிஸுக்காக அப்படிக் கேட்டவர் ஒரே ஒரு முத்தையாதான். இன்னும் சிலர் கேட்டால், பல்லாவரத்தில் ஒரு கல்வெட்டாவது வரலாம். ஆதாரம் இல்லாத பழம்பெருமையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதை விட, அச்சில் பதிவான இந்தக் கதையைச் சொல்வது நல்லது. சிம்சன் பட்டறையில் மரம் இழைத்து, துணி தைத்து அந்த இறக்கையை உருவாக்கிய தொழிலாளிகளும் இந்தக் கதையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய வீட்டிலாவது, 'எங்க பாட்டையா ஏரோப்ளேன் செஞ்சவரு' என்ற பேச்சு இன்னும் மிச்சம் இருக்கலாம்.

அடுத்த முறை வாகைக்குளத்தில் ஏறிச் சென்னையில் இறங்கும்போது, சக்கரம் தரையைத் தொடும் முன் ஒரு தடவை ஜன்னல் வழியாகப் பல்லாவரம் பக்கம் பாருங்கள்.